நெல் மூடிய படங்கு

பிள்ளையின் அப்பாவுக்கு,

கட்டாரில் இருந்துகொண்டு காரை நினைத்துக் கவலைப்படாதீர்கள். முன்கண்ணாடி தப்பிவிட்டது. பொனட்டில் மட்டும் பள்ளங்கள். ஆலங்கட்டி மழைக்கும் சேர்த்துத்தான் காப்புறுதி செய்திருக்கிறீர்களாம். காப்புறுதிக்காரர்கள் வந்து படமெடுத்தார்கள், திருத்தித் தருவார்கள்.

கொக்கட்டிச்சோலைக் கோயிலுக்குப் போய்த் திரும்பும்போதுதான் கட்டி விழத் தொடங்கியது. ஒதுங்க ஒரு மரமும் இல்லை. காரை ஓரங்கட்டினேன். மகள் அலறினாள். தெருவோரம் காயப்போட்ட நெல்லைப் படங்கால் மூடிக்கொண்டிருந்த ஒருவர், அந்தப் படங்கை இழுத்துக்கொண்டு ஓடிவந்தார். நாலாய் மடித்துக் கண்ணாடிமேல் போட்டு, பறக்காமல் பிடித்தபடி நின்றார். உங்கள் அண்ணன்.

“அத்தான், நெல்லு நனையுது!” என்று கத்தினேன்.

“நனையட்டும் கா. புள்ள உள்ளுக்க இரிக்கிதே.”

மழை விட்டபின் பார்த்தேன், அவர் முதுகு தடித்துச் சிவந்திருந்தது. நெல் பாதிக்குமேல் வாய்க்காலோடு போய்விட்டது. அதற்குக் காப்புறுதி இல்லை.

காணி பிரித்த நாளிலிருந்து நம் வாசலை மிதிக்காதவர், மகளின் பெயரை அன்றுதான் கேட்டறிந்தார். நேற்று அவர் வீட்டுக்குப் போனோம். “தம்பி எப்ப வாறான்?” என்றார். நான் அவருடைய போன் இலக்கத்தை வாங்கிக்கொண்டேன்.

போனில் அண்ணன் பேச்செடுத்தாலே வைத்துவிடுவீர்கள். அதனால்தான் எழுதுகிறேன். அந்த இலக்கம் கீழே இருக்கிறது. அவர் கேட்டதற்குப் பதிலை நீங்களே சொல்லுங்கள்.

உங்கள் மகளின் அம்மா