நாலே போதுமாம்

அன்புள்ள அப்பாவுக்கு,

பெங்களூரில் நான் நலம். உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? புளி உலுக்க நீங்கள் மரமேற வேண்டாம், ஆள் வையுங்கள்.

இங்கே ஒரு கூத்து. எங்கள் புரோகிராம் வேறொரு சர்வரிடம் பேச நான்கே கட்டளைகள் இருந்தன: எடு, சேர், மாற்று, அழி. பதிவுகளின் பழைய நகலை மட்டும் நீக்க அந்த சர்வரில் ‘துடை’ என்று தனிக் கட்டளை உண்டு. இப்படி வேண்டிய கட்டளையை நாமே சேர்த்துக்கொள்ளும் வசதியை எழுதித் தந்தேன். “தொடைக்கிறதும் அழிக்கிறதும் ஒண்ணுதாம்மா, நாலே போதும்” என்று எங்கள் மேனேஜர் மேதை ‘அழி’யை அனுப்பினார். அசல் பதிவுகளே போய்விட்டன. புளியை உலுக்கச் சொன்னால் மரத்தையே வெட்டுகிற ஆள்! பயப்படாதீர்கள், மீட்டுவிட்டோம். இப்போது நான் எழுதியதைத் தானே கண்டுபிடித்ததுபோல மீட்டிங்கில் பாடம் நடத்துகிறார், வெட்கங்கெட்ட மனுஷன்.

பூபாலன் மாமா இந்தப் பக்கம் வந்தால் ஒரு படி சாமையும் நம் மரத்துப் புளியும் கொடுத்தனுப்புங்கள். ஆபீஸ் வண்டி வந்துவிட்டது, கடைசியாக ஒன்று.

நீங்களும் போனில் நாலே கேள்விதான் கேட்கிறீர்கள்: “சாப்ட்டியா? ஒடம்பு எப்டி கீது? அங்க மழையா? வெச்சிடட்டா?” அடுத்த முறை, “எப்ப வூட்டுக்கு வர்ற?” என்று ஐந்தாவதாக ஒன்று கேளுங்களேன். பதில் தயாராக வைத்திருக்கிறேன்.

சரிதா