பொத்தானின் கோட்டுக்குக் கை மடிக்கவில்லை

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் தையல் மெஷினும் சுகமாக ஓடிக்கொண்டிருக்கிறோம், என் முழங்கால் மட்டும்தான் எண்ணெய் கேட்கிறது. நீயும் மாப்பிள்ளையும் பொத்தானும் அங்கே நல்லபடியாக இருக்கிறீர்கள்தானே? பேத்தியைப் பொத்தான் என்று எழுதுகிறேனே என்று மாப்பிள்ளை கோபித்துக்கொள்ள வேண்டாம். வீடியோவில் அவள் முகம் எனக்கு அப்படித்தான் தெரிகிறது, வட்டமாக, நடுவில் இரண்டு கண்ணோடு. தொட்டுத் தூக்காத பேத்திக்கு இப்படி ஏதாவது பேர் வைத்துத்தான் ஆசையைத் தீர்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

நான் சாயங்காலம் இங்கிலீஷ் வகுப்புக்குப் போவது உனக்குத் தெரியும். பொத்தானுக்கு நம் பேச்சு பாதிதான் புரிகிறது, மீதிக்கு நான்தானே இறங்கிப் போக வேண்டும். உன் அம்மா படிக்க வரவில்லை, துணைக்கு வருகிறாள். கடைசி பெஞ்சில் குடையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். நீ கூப்பிட்டபோதெல்லாம் அந்தக் குளிர் எனக்கு ஆகாது என்று சொன்னவள் ஆயிற்றே, இங்கிலீஷும் ஜலதோஷம் மாதிரி ஒட்டிக்கொள்ளும் என்று பயம்.

போன வாரப் பாடம் பருவகாலம். விண்டர், சம்மர் என்பதற்கு முன்னால் ‘தி’ போடுவதா வேண்டாமா என்று டீச்சர் சொல்லிக்கொடுத்தார், உன்னைவிடச் சின்னப் பெண். பொதுவாகக் குளிர்காலம் என்றால் போட்டும் சொல்லலாம், போடாமலும் சொல்லலாம், இன்ன குளிர்காலம் என்று ஒன்றைக் குறித்துச் சொன்னால் போட்டே ஆக வேண்டுமாம். எனக்குப் புத்தி தையல் கடையை விட்டு எங்கே போகும்? அப்படியானால் கடையில் தொங்குகிற ரெடிமேடு ‘தி’ இல்லாமலும் ஓடும், ஆளைப் பார்த்து அளவெடுத்ததற்குக் கட்டாயம் வேண்டும், சரிதானே என்று கேட்டுவிட்டேன். வகுப்பே சிரித்தது. டீச்சரும் சிரித்துவிட்டு, சரி ஐயா, அளவெடுத்த வாக்கியம் ஒன்று சொல்லுங்கள் என்றார். யோசிக்கவே இல்லை, வாயில் வந்துவிட்டது. எங்கள் பேத்தி பிறந்த குளிர்காலத்தில் நாங்கள் அங்கே இல்லை. இங்கிலீஷில்தான் சொன்னேன், ‘தி’யும் போட்டேன். டீச்சர் தலையை ஆட்டினார். உன் அம்மா பின்னாலிருந்து என்ன சொன்னீர்கள் என்று கேட்டாள், சொன்னேன். குடையை எடுத்துக்கொண்டு வெளியே போய் நின்றுவிட்டாள்.

வீடு வரைக்கும் எனக்கு முன்னாலேயே நடந்தாள். வெயில் வரட்டும், போகலாம் என்று பேத்தி பிறந்தபோது சொன்னது அவள்தான், வெயில் வருவதற்குள் பொத்தான் குப்புற விழ ஆரம்பித்துவிட்டாள், அப்புறம் மறுபடியும் குளிர். குத்திக்காட்டவா சொன்னேன் கண்ணு, நாள் தவறாமல் மனசில் கிடப்பது வாய்க்கு வந்துவிட்டது. மறுநாள் காலையில் பொத்தானுக்கு வெட்டி வைத்த கம்பளிக் கோட்டைத் தைத்துக்கொண்டிருக்கிறேன், உன் அம்மா மெஷின் முன்னால் வந்து நின்றாள். “எனக்கும் ஒரு கோட்டு தைங்க. உள்ள ரெண்டு ஸ்வெட்டர் போடுற மாதிரி அளவெடுங்க” என்றாள்.

அவளுக்கு நான் டேப் பிடித்ததே இல்லை, அவள் அளவு என் கைக்கே பாடம். அன்றைக்குப் பிடித்தேன். தோளும் கையும் என் மனக்கணக்கைவிட இறங்கிப் போயிருந்தன. நீ போன பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்திருக்கிறாள், பக்கத்திலேயே இருப்பவன் கண்ணுக்கு அது எங்கே தெரிகிறது? இன்னொரு தரம் அளந்து பார்த்தேன். டேப்பை நேராகப் பிடியுங்கள் என்று அதட்டினாள்.

பாஸ்போர்ட்டுக்குப் போட்டோ எடுத்தாயிற்று, அதில் போலீஸ் பிடித்த ஆள் மாதிரி முறைக்கிறாள். வருகிற குளிர்காலத்தில் எந்த மாதம் உங்களுக்குத் தோது என்று மாப்பிள்ளையோடு கலந்து பேசி எழுது. போனில் சொல்லாதே, பக்கத்தில் அவள் இருப்பாள், குளிர் ஆகாது என்று மறுபடி ஆரம்பித்தாலும் ஆரம்பிப்பாள். பொத்தானின் அளவை மட்டும் எழுத வேண்டாம். போன தடவை நீ எழுதிய அளவுக்குத் தைத்து அனுப்பினேன், பார்சல் வந்து சேர்வதற்குள் அவள் வளர்ந்துவிட்டாள். இந்தக் கோட்டில் எல்லாம் முடித்துவிட்டுக் கையை மட்டும் மடிக்காமல் வைத்திருக்கிறேன். அவளை முன்னால் நிறுத்தி, அந்தச் சின்னக் கையைப் பிடித்துப் பார்த்துத்தான் மடிப்பேன்.

மூன்று பேரும் நோய்நொடி இல்லாமல் நீண்ட காலம் நன்றாக இருங்கள். காதை மூடாமல் வெளியே போகாதே.

ஊசியில் நூல் கோத்து வைத்திருக்கும்
உன் அப்பா