பீடியில் காரம் குறைந்த நாட்கள்

மச்சான், உனக்கு நடந்தது அநியாயம். மாத்திரை கொடுத்தவர்கள் அது உனக்குள் செய்யும் வேலையில் பாதியைச் சொல்லவில்லை. பிறகு கால் போனதற்கு உன்னையே குற்றவாளி ஆக்கினார்கள்.

நீ போய்ச் சேர்ந்த பிறகு, இன்று உன் சாமான்களை ஒதுக்கியபோது என் தங்கை உன் செருப்பு ஜோடியை வெளியே எடுத்து வைத்தாள். வலது காலை எடுத்த பிறகு வாங்கியது. ஒற்றைச் செருப்பை எந்தக் கடையில் தருவான்? இடது தேய்ந்து ஓட்டை விழுந்திருக்கிறது. வலது புதிதாகவே கிடக்கிறது. அதை எறிய விடமாட்டேன் என்று அவளோடு சண்டை.

முன்பெல்லாம் கல்வராயன் மலைக்குப் புளி வாங்க ஏறும்போது கெண்டைக்காலைப் பிடித்துக்கொண்டு பாறையில் உட்காருவாய். உட்கார்ந்தால் பீடி. "கால் நிக்கச் சொல்லுது, கை பத்த வைக்கச் சொல்லுது. நான் இன்னா பண்ண?" என்பாய்.

பிறகு கால்விரல் கறுத்தது. பீடியின் நிகோடின் ரத்தக் குழாயைக் கெடுத்துச் சதையைச் சாகடிக்கிறது என்றார்கள் கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியில். நிகோடின் போய் ஒட்டும் இடத்தை அடைக்கிற மருந்தை ஆராய்கிறோம், சதை சாவது நிற்கிறதா பார்ப்போம் என்று மாத்திரை தந்தார்கள். "பீடியையும் வுட்டுடுங்க பெரியவரே" என்றார்கள். அதை யார்தான் உனக்குச் சொல்லவில்லை?

கொஞ்ச நாளிலேயே வடக்கனந்தல் பெட்டிக்கடையில் நீ கத்தினாய்.

"இன்னாய்யா பீடி இது? வைக்கோலச் சுத்தி விக்கிறியா?"

"மாமா, ஊரே இதத்தான் இஸ்துக்கினு கீது. உன் நாக்குதான் செத்துப்போச்சு!" என்றான் கடைக்காரன். எல்லாரும் சிரித்தோம்.

கடையை மாற்றினாய், பீடி மார்க்கை மாற்றினாய். ஒன்று அணையுமுன் அடுத்தது. யாருக்கும் மாத்திரை மேல் சந்தேகம் வரவில்லை.

காலை எடுத்த அன்று, மாத்திரை கொடுத்தவர்களில் ஒருவர் வார்டில் உன் எதிரிலேயே சொன்னார்: "பேச்சு கேக்காம ஜாஸ்தியா குடிச்சிட்டாருங்க." நீ முகத்தைத் திருப்பிக்கொண்டாய். சாகும்வரை அதையே நம்பினாய்.

நான் எட்டாவதோடு நின்றவன். கேட்டும் படித்தும் இப்போதுதான் புரிந்துகொண்டேன். நிகோடின் ஒட்டும் இடத்தை மாத்திரை அடைத்ததும் பீடியின் சுகம் உனக்கு எட்டவில்லை. அதைத் தேடித் தேடிக் கை பற்றவைத்தது. புகைதான் மேலும் மேலும் உள்ளே போய்க் காலைத் தின்றது. 'பீடி சப்பென்று இருந்தால் அது மாத்திரையின் வேலை, உடனே வந்து சொல்லுங்கள்' என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

இனி மாத்திரை கொடுக்கும் டாக்டர், ஆளை உட்காரவைத்து நம் பேச்சில் இதைச் சொல்ல வேண்டும். ஆராய்ச்சி செய்தவர்கள் உன்னைப் 'பேச்சு கேளாதவர்' என்று சொல்வதை விட்டு, நடந்ததை எழுத வேண்டும். வார்டில் பேசியவர் என் தங்கை முன்னால் வந்து, தான் சொன்னது தப்பு என்று சொல்ல வேண்டும். பீடியில் காரமில்லை என்று எவனாவது கத்தினால், கடைக்காரன் சிரிக்காமல் "மாத்திரை இன்னா சாப்புடுற?" என்று கேட்க வேண்டும். அதுவரை நான், உன் வலது செருப்பைப் பையில் போட்டுக்கொண்டு, கள்ளக்குறிச்சிக்கு பஸ் ஏறிக்கொண்டே இருக்க வேண்டும்.