ஒரு சோடா குடிச்சா போயிடுமாம்

அக்கா,

காலையில் கிணற்றடி எலுமிச்சைக்குக் கீழே பத்துப் பன்னிரண்டு பழம் உதிர்ந்து கிடந்தது. நீ வைத்த மரம். மடியில் கட்டிக்கொண்டு கடைக்கு வந்து, லெமன் டீ கேட்ட ஒரு பஸ் டிரைவருக்காக ஒன்றை நறுக்கினேன். அவ்வளவுதான். இரண்டு தரம் சோப்புப் போட்டுக் கழுவியும் கையை விட்டு அந்த வாசனை போகவில்லை. மதியம் வரை யாருக்கு டீ ஆற்றினாலும் எனக்கு அன்று உனக்குக் கொடுத்த அந்த எலுமிச்சைச் சோடாதான் மணந்தது. அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன். நீ படிக்கப் போவதில்லை. உயிரோடு இருந்தபோதே என் எழுத்தைக் கோழி கிளறினது என்பாய்.

கடை அப்படியேதான் இருக்கிறது. கச்சிராயபாளையத்தைத் தாண்டி மலைக்குப் போகிற ரோட்டில் அதே புளியமரத்துப் பக்கம், முன்னால் டீக்கடை, பின்னால் ஒன்றரை ஏக்கர் கொல்லை. அண்ணனும் தம்பியும் பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போய்விட, அண்ணனைக் கட்டிய நீயும் தம்பியைக் கட்டிய நானும் இரண்டையும் தலையில் தூக்கிக்கொண்டோம். ஒருத்தி கடையில் இருந்தால் ஒருத்தி கொல்லையில், ஒரு நாள் விட்டு ஒரு நாள் முறை. ஓரகத்திகள் என்றால் முறத்தால் அடித்துக்கொள்ள வேண்டும் என்று ஊரில் ஓர் எதிர்பார்ப்பு. டீ குடிக்க வருகிறவர்கள், "இன்னாம்மா, இன்னும் ரெண்டு பேரும் பிரியலயா?" என்று ஏமாற்றத்தோடு கேட்பார்கள். "அடுப்பு ஒண்ணுதான கீது, எங்கப் பிரியறது?" என்பாய்.

சண்டை போடாமலும் இல்லை. பாலில் கால் டம்ளர் தண்ணீர் கூட ஊற்ற விடமாட்டாய். "நம்ம மாட்டுப் பாலு, நம்மளே துரோகம் பண்ணலாமா?" என்பாய். கொல்லையில் மரவள்ளி பிடுங்கினால் நல்ல கிழங்கெல்லாம் கடை வடைக்கு, வெடித்தது, வேர் ஓடினது நமக்கு. உன் கிழங்கு வடைக்காகவே வெள்ளிமலை பஸ் நம் வாசலில் நின்று போனது. நமக்கென்று மிஞ்சுவது ஒரே ஒரு வடை. அதைப் பிட்டு எனக்குப் பாதி, உனக்குப் பாதி. டீயும் அப்படியே, ஒரு கிளாஸை இரண்டாக ஊற்றுவாய். எதையும் ஓர் ஆளுக்கு முழுதாகக் கொடுத்துப் பழக்கமில்லாத கை. அதைக் கருமித்தனம் என்று நான் வாய் ஓயாமல் கேலி செய்தேன். கடைசியில் அந்தப் பழக்கம் உன்னை எங்கே கொண்டுபோய் விட்டது என்று பிறகு சொல்கிறேன்.

மோட்டார் கொட்டகை மேல் நீ மாட்டச் சொன்ன சிவப்பு பல்பு இன்னும் இருக்கிறது. த்ரீ பேஸ் கரண்ட் வந்தால் எரியும், போனால் அணையும். எப்போது வரும், எவ்வளவு நேரம் நிற்கும் என்று யாருக்கும் தெரியாது. கடையிலிருந்து பின்பக்கம் எட்டிப் பார்த்து எவள் முதலில் கண்டாலும், "லைட்டு வந்துடுச்சு!" என்று கத்த வேண்டும். கொல்லை முறைக்காரி கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஓடி மோட்டாரைப் போட்டு, மடை திருப்ப வேண்டும். பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர்கள் கூட நமக்காகப் பார்த்துக் கத்துவார்கள். அந்த பல்புக்கு நாம் பயந்த அளவுக்கு மாமியாருக்குப் பயந்ததில்லை.

அன்றும் அதுதான் வந்தது.

சித்திரை வெயில். மரவள்ளி துவண்டு கிடந்தது. இரண்டு நாளாகப் பகலில் கரண்டே இல்லை. காலை பத்து மணி இருக்கும். வடைக்குக் கிழங்கு துருவிக்கொண்டிருந்த நீ பாதியில் நிறுத்தி, இடது தோளைப் பிடித்துவிட்டுக்கொண்டாய். "தோளு ஒரு மாதிரி நோவுதுடி" என்றாய். "முந்தா நாளு பூரா மம்மட்டி புடிச்ச கை, நோவாம இன்னா பண்ணும்?" என்றேன் நான். துருவிய கிழங்கைத் தட்டோடு தள்ளி வைத்தாய். பிறகு, "ஒரு சோடா ஒடச்சிக் குடு. ஒரு சோடா குடிச்சா போயிடுமாம்" என்றாய்.

தோள்வலிக்கும் சோடாவுக்கும் என்ன சம்பந்தம் என்று எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். 'போயிடும்' என்று நீ சொல்லவில்லை, 'போயிடுமாம்' என்றாய். யாரோ சொன்ன பேச்சு அது. "யாரு சொன்னது, பெரிய டாக்டரா?" என்று கிண்டல்தான் செய்தேன். "சொன்னாங்க. நீ ஒடடி" என்றாய். கிணற்றடி எலுமிச்சை அந்த வருஷம்தான் முதல் காய்ப்பு. அதில் ஒரு பழத்தை நறுக்கிப் பிழிந்து, உப்புப் போட்டு, சோடாவைப் பொங்கப் பொங்க ஊற்றிக் கொடுத்தேன். ஒரே மூச்சில் குடித்துவிட்டு நீ விட்ட ஏப்பத்தில் பெஞ்சில் டீ குடித்துக்கொண்டிருந்த கரும்பு வெட்டப் போகிற ஆட்கள் நான்கு பேரும் சிரித்துவிட்டார்கள். நீயும் சிரித்தாய். "போச்சு பாரு" என்றாய்.

அப்போது அவர்களில் ஒருவர்தான் கத்தினார், லைட்டு வந்துடுச்சு என்று.

அன்று கொல்லை முறை உன்னுடையது. நீ எழுந்தும் விட்டாய். "தோளு நோவுதுன்ற, குந்து, நான் போறேன்" என்று நான்தான் உன்னை அழுத்தி உட்கார வைத்தேன். அதை நல்ல காரியம் என்று நினைத்துக்கொண்டு போனேன். முக்கால் மணி நேரம் மடை திருப்பினேன். கரண்ட் நிற்கிறதே என்று அவ்வளவு சந்தோஷம், இன்னொரு பாத்தி, இன்னொரு பாத்தி என்று நின்றுவிட்டேன்.

திரும்பி வரும்போது பால் பொங்கித் தீய்ந்த நாற்றம் கொல்லை வரை வந்தது. நீ பெஞ்சில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தாய். மடியில் போன். புதிதாக வந்திருந்த ஒரு பெரியவர் தானே டீயை ஊற்றிக் குடித்துக்கொண்டு, அடுப்பையும் அணைத்துவிட்டு, "அக்கா அசந்து தூங்குது, எழுப்பாத" என்றார் என்னிடம். எழுப்பினேன். பிறகு ஷேர் ஆட்டோ, கள்ளக்குறிச்சி, ஆஸ்பத்திரி. வரும்போதே முடிந்துவிட்டது என்றார்கள். என் கால் சேறு கூடக் காயவில்லை, அக்கா.

காரியம் முடிந்த மறுநாள் உன் மகள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். நர்சிங் படிக்கிறவள், எதையாவது தோண்டிக் கேட்பாள் என்று நான் பயந்துகொண்டேதான் இருந்தேன். "சித்தி, அம்மா அன்னிக்கி எதுனா சொல்லிச்சா?" என்றாள். தலையைக் கூட நிமிர்த்தாமல், "இன்னா சொல்லும்? ஒண்ணும் சொல்லல. நல்லாத்தான் இருந்துச்சு. ஒக்காந்த எடத்துல பூடுச்சு" என்றேன். அவள் ஒரு பெருமூச்சு விட்டாள். நான் அதை ஆறுதல் என்று எடுத்துக்கொண்டேன். உன் வீட்டுக்காரரும் பெங்களூருக்குத் திரும்பிப் போனார், என் வீட்டுக்காரரும் போனார். பொய் மட்டும் என்னோடு கடையில் உட்கார்ந்துவிட்டது.

அதற்குப் பிறகு நம் கடையில் சோடா கிடையாது. யாராவது நெஞ்சைத் தடவினால் போதும், ரோட்டில் போகிற ஆட்டோவை மறித்து ஏற்றிவிடுகிறேன். போன மாசம் ஒருத்தர் சட்டைப் பையில் பீடி தேடியதற்கு என்னிடம் மாட்டிக்கொண்டார். ஊரில் நம் கடைக்கு இப்போது ஆஸ்பத்திரிக் கடை என்று பெயர். "உள்ள போனா கைய கீழ வெச்சிக்கோ, இல்லன்னா ஊசி போட அனுப்பிடும்" என்று வாசலிலேயே சொல்லிச் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். உன் வடை இல்லாத கடைக்கு அதாவது ஒரு பெயர் இருக்கட்டும்.

போன வாரம் உன் மகள் லீவுக்கு வந்திருந்தாள். மலையிலிருந்து புளி மூட்டையோடு ஒரு பெரியவர் இறங்கினார். வேர்த்துக் கொட்டியது. மார்பைப் பிடித்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்து, "கேஸும்மா, ஒரு சோடா குடு" என்றார். இங்கே இல்லை என்றதும், "எதுத்த கடையில ஒண்ணு வாங்கியாந்து குடேன்" என்று கையைக் காட்டினார். "சோடா வாணாம்!" என்று நான் கத்தினேன். அதே வார்த்தையை, அதே நொடியில், அடுப்பு முன்னால் நின்றிருந்த உன் மகளும் கத்தினாள். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். படித்த பெண், அதனால் கத்துகிறாள் என்றுதான் அப்போது நினைத்தேன். அவளே அவரை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனாள்.

மூன்று மணி நேரம் கழித்து அவர் தானே நடந்து வந்தார், ரோட்டிலிருந்தே திட்டிக்கொண்டு. பின்னாலேயே உன் மகள். "வெறும் கேஸுன்னுட்டான்! ஒரு சோடாவுல போறதுக்கு ஊசி போட்டு, கம்பியெல்லாம் ஒட்டி... என் பஸ்ஸும் பூடுச்சு. நல்லா இருப்பம்மா நீ!" கடையில் இருந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே பின்பக்கம் போனவள், மாட்டுக் கொட்டகையில் உட்கார்ந்து வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன். உனக்கும் வெறும் கேஸாக இருந்திருக்கக் கூடாதா அக்கா? நீயும் இப்படித் திட்டிக்கொண்டு நடந்து வந்திருக்கக் கூடாதா?

உன் மகள் தேடி வந்தாள். அதற்கு மேல் என்னால் முடியவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். தோள் நோவுது என்று நீ சொன்னது, நான் மம்மட்டியைச் சொன்னது, சோடா, ஏப்பம், லைட்டு, முக்கால் மணி நேரம். "ஒங்கம்மா வாய வுட்டுச் சொல்லிச்சு. நான்தான் சோடா குடுத்துட்டுப் போயிட்டேன்" என்றேன். அவள் என்னை அடித்திருந்தாலும் வாங்கிக்கொண்டிருப்பேன்.

அவள் என் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்தாள். பிறகு, "தோளா? தோளு நோவுதுன்னா சொல்லிச்சு?" என்றாள்.

"ஆமா. எடது தோளு."

"எங்கிட்ட அத சொல்லல சித்தி. அன்னிக்கி காலைல எனக்குப் போன் பண்ணிச்சு. நெஞ்சு எரியுதுன்னு மட்டும்தான் சொல்லிச்சு. நான் கிளாஸுக்கு ஓடிக்கினு இருந்தேன். பஜ்ஜி வட தின்னுருப்ப, கேஸா இருக்கும், ஒரு சோடா குடிம்மா போயிடும்னு நான்தான் சொன்னேன்."

போயிடுமாம். ஒரு வருஷமாக நான் கேட்காமல் விட்ட கேள்விக்கு விடை அங்கே உட்கார்ந்திருந்தது, துப்பட்டாவால் மூக்கைத் துடைத்துக்கொண்டு. காரியம் முடிந்த மறுநாள் என்னிடம் அவள் கேட்டது அம்மாவைப் பற்றி இல்லை. தான் சொன்னதை நீ என்னிடம் சொல்லிவிட்டாயா என்று பயந்து கேட்டிருக்கிறாள். என் பொய்யை நம்பி அவள் மூச்சு விட்டாள், அவள் மூச்சை நம்பி நான். எப்படிப்பட்ட வீடு பார் இது.

உன்மேல் எனக்குக் கோபம் வந்தது. இன்னும் இருக்கிறது, மறைக்கவில்லை. நெஞ்சை அவளுக்குச் சொன்னாய், தோளை எனக்குச் சொன்னாய். பிள்ளை பயந்துவிடும் என்று அவளுக்குப் பாதி, கரண்ட் வரும் நேரத்தில் இவளை எதற்குப் பதற வைப்பது என்று எனக்குப் பாதி. வடையா அது, பிட்டுக் கொடுக்க? இரண்டையும் ஒருத்தியிடம் சொல்லியிருந்தால், அவள் படித்த படிப்புக்கு உன்னை அப்போதே ஆட்டோவில் ஏறச் சொல்லியிருப்பாள். அவளும் அதையேதான் சொல்லி அழுதாள். மோட்டார் கொட்டகையில் சிவப்பு பல்பு எரிந்தது. இருவருமே பார்த்தோம். யாரும் கத்தவில்லை. பயிர் காயட்டும் என்று அன்று ஒரு நாள் விட்டோம்.

திங்கட்கிழமை அவள் காலேஜுக்குத் திரும்பிப் போகும்போது ஒரு சட்டம் போட்டுவிட்டுப் போயிருக்கிறாள். தினம் காலையில் போன் செய்கிறாள். நம் கடைக்குள் லைன் கிடைக்காது என்று உனக்குத் தெரியும், எட்டு மணிக்கு நான் புளியமரத்துக்கு அந்தப் பக்கம் போய் நிற்க வேண்டும். "இன்னிக்கி இன்னா நோவுது சித்தி? முழுசா சொல்லு, ஒண்ண வுடக் கூடாது" என்கிறாள். முழங்கால், குதிகால் வெடிப்பு, முந்தா நாள் குடித்த புளித்த மோர், எல்லாவற்றையும் ரோட்டோரம் நின்று ஒப்பிக்கிறேன். போகிற பஸ்ஸிலிருந்து பார்க்கிறவர்களுக்குப் பைத்தியம் போலத்தான் இருக்கும். உனக்காக இல்லாவிட்டாலும் அவளுக்காக முழுதாகச் சொல்லப் பழகிக்கொண்டிருக்கிறேன்.

ஒன்றைத் தவிர.

அன்று உன் மடியில் கிடந்த போனை எடுத்து நான் இடுப்பில் செருகிக்கொண்டது நினைவிருக்கிறது. இரவெல்லாம் கழிந்து மறுநாள்தான் அதைத் திறந்து பார்த்தேன். நான் கொல்லைக்குப் போன பிறகு, கடைக்குள்ளேயே உட்கார்ந்தபடி, மூன்று முறை அவள் பெயரை அழுத்தியிருக்கிறாய். மூன்று முறையும் லைன் போகவில்லை. புளியமரம் வரை நடக்க உன்னால் முடியவில்லை போலிருக்கிறது. மிச்சப் பாதியை அவளிடம் சொல்லத்தான் அழுத்தினாயோ என்னவோ. பார்த்தால் பிள்ளை தாங்காது என்று அதை அழித்துவிட்டுத்தான் போனை அவளிடம் கொடுத்தேன்.

இதை அவளிடம் சொல்ல மாட்டேன் அக்கா. அவள் எத்தனை முறை முழுசா சொல்லு என்று கேட்டாலும் சொல்ல மாட்டேன். இந்தப் பாதி என்னிடமே இருக்கட்டும்.