நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர்

செப்டம்பர் 8, செவ்வாய்

ஜனவரியில் மழை பனிக்கட்டியாய் உறைந்து மின்கம்பங்கள் வரிசையாகச் சாய்ந்து, பதினொரு நாள் விளக்கில்லாமல் விறகடுப்பைச் சுற்றி உட்கார்ந்திருந்தோமே, அந்த வருஷம். மே மாதப் பந்தயத்தில் யாரும் சீண்டாத குதிரை ஜெயித்து, பக்கத்து வீட்டுக்காரன் மூன்று நாள் தலையில் கை வைத்துக்கொண்டு கிடந்ததும் இதே வருஷம்தான். 2009 என்று எழுதினால் எனக்கு ஒன்றும் தோன்றாது. இப்படி எழுதினால் தோன்றும்.

இந்த நோட்டு டாக்டர் கொடுத்தது. தினமும் ரத்த அழுத்தம் குறிக்க வேண்டுமாம். இன்று 172. ஏன் என்று டாக்டருக்குத் தெரியாது, எனக்குத் தெரியும்.

மத்தியானம் வெர்லீன் தார்ப் வந்தாள். கூடவே கம்பெனிப் பெண் மெரிடித். வெர்லீனுடைய தாத்தா லெமுவல் தார்ப்தான் எங்கள் ஊரில் முதல் முதலாக பர்பன் விஸ்கி காய்ச்சியவர். ஆலை மூன்று கை மாறிவிட்டது. இப்போது இருக்கிற கம்பெனி அவர் பெயரில் வருஷத்துக்கு ஒரு விஸ்கி விடுகிறது. இத்தனை புட்டிதான் என்று எண்ணி நம்பர் போட்டு விடுகிறார்கள், ஜனங்கள் அடித்துக்கொண்டு வாங்குகிறார்கள். முதல் வருஷப் புட்டியில் அவர் பெயர் மட்டும் இருந்தது. போன வருஷம் அவர் வைத்திருந்த செம்புக் கொப்பரை. இந்த வருஷம் முகம்.

கோர்ட்டில் ஏதோ பழைய பெட்டியில் ஒரு படம் கிடைத்ததாம். மெரிடித் அதை மேசையில் வைத்தாள். ஆலை வாசலில் எட்டுப் பேர். நடுவில் நாற்காலியில் வெள்ளைச் சட்டை, கடிகாரச் சங்கிலி.

"ஐயா, நீங்க அவர்கிட்ட வேலை பார்த்தவங்க. நடுவுல உக்காந்திருக்கிறது அவர்தானே?"

நான் வாயைத் திறப்பதற்குள் வெர்லீன் கையை நீட்டிப் படத்தைத் தொட்டாள். ஐம்பத்தொன்றில் அவர்கள் வீடு எரிந்தபோது படங்களெல்லாம் போய்விட்டன. தாத்தா செத்தபோது அவளுக்கு நாலு வயசு, முகம் நினைவில்லை. அழுதாள். சத்தமில்லாமல், மூக்கை மட்டும் துடைத்துக்கொண்டு.

நான் தலையை ஆட்டிவிட்டேன்.

செப்டம்பர் 9

178. உப்புப் போட்ட பன்றித்தொடை சாப்பிட்டீர்களா என்று மகள் நெல்டா கேட்டாள். ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

செப்டம்பர் 11, வெள்ளி

எழுதித் தொலைத்துவிடுகிறேன்.

நாற்காலியில் இருப்பவர் லெமுவல் தார்ப் இல்லை. அவர் வின்ஸ்டெட். அரசாங்கத்து வரி ஆள். கிடங்குச் சாவி அவர் இடுப்பில்தான் தொங்கும். அவர் வந்து திறக்காமல் ஒரு பீப்பாயை யாரும் தொட முடியாது, முதலாளியே ஆனாலும் வாசலில் நிற்க வேண்டியதுதான். அதனால் எந்த ஆலையில் படம் எடுத்தாலும் நாற்காலி வரி ஆளுக்கு. மற்றவர்கள் சுற்றி நிற்போம். எங்களுக்கு அது ஒரு விஷயமாகவே தெரியாது. இன்றைக்குப் பார்க்கிறவர்கள் நாற்காலியில் இருக்கிறவரைத்தான் பெரியவர் என்று எடுத்துக்கொள்வார்கள், வேறென்ன செய்வார்கள்.

அந்த வின்ஸ்டெட் பாப்டிஸ்ட் சபையில் மூப்பர். வாழ்நாளில் ஒரு சொட்டு நாக்கில் வைத்ததில்லை. அளப்பார், எழுதுவார், கையைச் சோப்புப் போட்டுக் கழுவுவார். அவர் முகம் விஸ்கிப் புட்டியில் வரப்போகிறது. சிரிப்பு வருகிறது. வந்த வேகத்தில் போய்விடுகிறது.

லெமுவல் தார்ப் படத்தில் இருக்கிறார். பின்வரிசையில் இடது கோடி. பிடரியும் ஒரு காதும் மட்டும்தான் தெரிகிறது. கிளிக் செய்கிற நேரத்தில் திரும்பிவிட்டார்.

ஏன் திரும்பினார்?

சர்க்கரைக்கு ரேஷன் சீட்டு வந்து, டயர் கிடைக்காமல் போய், என் அண்ணன் சண்டைக்குக் கப்பலேறிய வருஷம் அது. விஸ்கி போதும், இனிமேல் சண்டைக்கு வேண்டிய ஆல்கஹால் காய்ச்சுங்கள் என்று அரசாங்கம் உத்தரவு போட்டது. கடைசிக் கொதி இறக்குகிற அன்றைக்கு நினைவுக்கு இருக்கட்டும் என்று டவுனிலிருந்து படக்காரனை வரவழைத்தார் தார்ப். நான் பதினேழு வயசு. சோளக்கூழ் வேகிற கொப்பரைக்கு நீராவி விடுவது என் வேலை. படம் எடுக்கிறார்கள் என்றதும் தலை வாரிக்கொண்டு ஓடினேன். குழாயை மூடவில்லை. உள்ளே சத்தம் ஏறிவிட்டது. எங்கள் ஏழு பேருக்கும் கேட்கவில்லை. அவருக்குக் கேட்டது.

அவரை வைத்து எடுத்த வேறு படம் எதுவும் மிஞ்சவில்லை. இருக்கிற ஒன்றில் அவருக்கு முகம் இல்லாமல் போனது என்னால்தான்.

தலையாட்டினது அவள் அழுததற்காகவா, இதற்காகவா? எனக்கே தெரியவில்லை.

செப்டம்பர் 14

வெர்லீன் வீட்டுக்குப் போனேன், சொல்லிவிடலாம் என்று. பீன்ஸும் சோளரொட்டியும் வைத்தாள். மெரிடித் அந்த முகத்தை மட்டும் பெரிதாக்கிச் சட்டம் போட்டுக் கொடுத்திருக்கிறாள். ரொட்டிப்பெட்டி பக்கத்தில் வின்ஸ்டெட் நின்றுகொண்டு நாங்கள் சாப்பிடுவதைப் பார்க்கிறார்.

"மூக்கைப் பாருங்கண்ணே. என் மூக்கேதான். சின்ன வயசுல இந்த மூக்கு யார்கிட்ட இருந்து வந்துச்சுன்னு எங்கம்மாகிட்ட சண்டை போடுவேன். இப்பத் தெரிஞ்சுபோச்சு."

இரண்டாவது ரொட்டியும் வாங்கித் தின்றுவிட்டு வந்துவிட்டேன்.

செப்டம்பர் 15

மழை. வீட்டுக்குள்ளேயே நடந்தேன். சமையலறைக்கும் வாசலுக்குமாய் நடந்தால் பழைய மரத்தரை கத்துகிறது. நெல்டா, உட்காருங்கப்பா, எனக்குத் தலை சுத்துது என்றாள்.

செப்டம்பர் 17

வெர்லீன் சந்தோஷமாக இருக்கிறாள். இருந்துவிட்டுப் போகட்டுமே. எனக்கு எண்பத்து நாலு, அவளுக்கு அறுபத்தொன்பது. யாருக்கு என்ன நஷ்டம்?

இதை மூன்று தடவை எழுதி அடித்தேன். நாலாவது தடவை அடிக்காமல் விட்டிருக்கிறேன், அவ்வளவுதான். சரியாகப் படவில்லை.

லெமுவல் தார்ப் வின்ஸ்டெட்டிடம் ஒவ்வொரு காலையும் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றதை நான் பார்த்திருக்கிறேன். அவர் காய்ச்சியதை அவரே எடுக்க அனுமதி கேட்டு. இப்போது செத்த பிறகும் அவர் இடத்தில் அந்த ஆள் உட்காரவேண்டுமா?

செப்டம்பர் 18, வெள்ளி

மெரிடித்துக்குப் போன் போட்டுச் சொன்னேன், குழாய் விஷயம் தவிர எல்லாவற்றையும்.

"ஐயா, லேபிள் அடிச்சாச்சு. நீங்கதானே தலையாட்டினீங்க. நீங்க சொன்னதை வெச்சுத்தான் மேலிடத்துல ஒத்துக்கிட்டாங்க."

அன்றைக்குச் சொன்னது பொய், இன்றைக்குச் சொல்வது நிஜம் என்றேன். மரியாதையாகத்தான் பேசினாள். உங்கள் வயசில் நினைவு தடுமாறுவது சகஜம், வேறு யாராவது சாட்சி இருந்தால் பார்க்கலாம் என்றாள். வின்ஸ்டெட்டின் செருப்பில் எந்தக் கால் தேய்ந்திருக்கும் என்றுகூடச் சொல்வேன் நான். இடது. சொல்லவில்லை. வைத்துவிட்டாள்.

செப்டம்பர் 20, ஞாயிறு

மாதா கோயிலில் பூசை முடிந்து, கார் நிற்கிற இடத்தில் வெர்லீனிடம் சொன்னேன். முழுவதும். வரி ஆள், நாற்காலி, பிடரி, குழாய், நான்.

காரின் கதவைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். வெயில் கண்ணில் அடித்தும் நகரவில்லை.

"பன்னண்டு நாளாக் காலையில எந்திரிச்சு வரி ஆளுக்கு வணக்கம் சொல்லிட்டிருக்கேன் நான்."

தெரியும் என்றேன்.

"அன்னிக்கே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அந்தாளை வீட்டுக்குள்ளயே விட்டிருக்க மாட்டேன்லண்ணே. இல்லன்னா கடைசி வரைக்கும் சொல்லாமயாவது இருந்திருக்கணும். எதுக்கு இப்பச் சொன்னீங்க?"

காரை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். வழக்கமாய் என்னை வீட்டில் இறக்கிவிடுவது அவள்தான். இரண்டு மைல் நடந்தேன்.

செப்டம்பர் 21

அழுத்தம் பார்க்கவில்லை.

செப்டம்பர் 27, ஞாயிறு

கோயிலில் வெர்லீன் அந்தப் பக்கத்து வரிசையில் உட்கார்ந்தாள். நெல்டா என்னப்பா தகராறு என்றாள். இந்த வயசில் என்ன தகராறு என்றேன். அதைத்தான் நானும் கேட்கிறேன் என்றாள்.

செப்டம்பர் 30

சொல்லாமல் இருந்திருக்கலாம். மூக்காவது அவளுக்கு மிஞ்சியிருக்கும். முட்டாள். முட்டாள் கிழவன். அறுபத்தேழு வருஷம் கழிச்சு இப்பப் போய்க் குழாயை மூடுறியாக்கும்.

அக்டோபர் 4, ஞாயிறு

சாயங்காலம் வெர்லீன் வந்தாள். உட்காரவில்லை. கையில் சாவியை ஆட்டிக்கொண்டே நின்றாள்.

"சரி. அவர் எப்படி இருந்தாரு, சொல்லுங்க."

சொன்னேன். குட்டை ஆள். இடது புருவம் ஒருமுறை நெருப்பில் கருகி அப்புறம் முளைக்கவில்லை, அதனால் எப்போதும் எதையோ சந்தேகப்படுகிற மாதிரி இருப்பார். முன்பல்லில் ஒன்று சாய்வு. சட்டைப்பையில் ஒரு கைப்பிடி சோளம், பேசும்போது ஒவ்வொன்றாய்க் கடிப்பார். பாடுவார், சகிக்காது. கொப்பரைப் பக்கத்தில் நிற்கும்போது யாரும் அவரிடம் பேசக்கூடாது. கூழ் வெந்துவிட்டது என்பதைக் கண்ணை மூடிக்கொண்டு சொல்வார்.

இவ்வளவும் கேட்டுவிட்டு, கடைசியில் மெல்லக் கேட்டாள். "எனக்கும் அவருக்கும் ஏதாச்சும் ஒத்துமை உண்டா?"

பொய் சொல்லலாம். காது என்று சொல்லியிருக்கலாம், படத்தில் இருக்கிறதே. சொல்லவில்லை.

"கோவம்தான். அந்தக் குழாய்க்கு அப்புறம் அவர் என்னைத் திட்டவே இல்ல. ரெண்டு வாரம் எங்கூடப் பேசல. நீ செய்யலியா, அதே மாதிரி."

அப்புறம் உட்கார்ந்தாள். காப்பி இருக்கிறதா என்றாள்.

போகும்போது சட்டம் போட்ட படம் எங்கே என்று கேட்டேன். கார் டிக்கியில் இருக்கிறது, கம்பெனியில் கொடுத்துவிடுவேன் என்றாள்.

அக்டோபர் 12

கம்பெனி கேட்கவில்லை. புட்டி அந்த முகத்தோடுதான் வருகிறது. வெர்லீன் நேரிலேயே போய்ப் பேசியிருக்கிறாள். பேரப்பெண் என்ற முறையில் வெளியீட்டு நாளில் வந்து புட்டியில் கையெழுத்துப் போடுவதாக அவள் ஏற்கெனவே ஒத்துக்கொண்டிருந்தாள். போகாதே என்றேன்.

"ஏன் போகக்கூடாது? பேர் எங்க தாத்தாவோடதுதானே" என்றாள்.

அக்டோபர் 17, சனி

நேற்று மத்தியானமே மடக்கு நாற்காலியும் போர்வையுமாய் ஆலை வாசலில் வரிசை. ஓஹையோவிலிருந்துகூட வந்திருந்தார்கள். நெல்டா என்னை வெர்லீன் பக்கத்தில் உட்கார வைத்தாள்.

புட்டி அழகாகத்தான் இருக்கிறது. வின்ஸ்டெட் சங்கிலியோடு உட்கார்ந்திருக்கிறார். கீழே தங்க எழுத்தில் தார்ப்.

முதல் ஆள் புட்டியை நீட்டினான். பெரிய தாடி, வயிறு. உங்கள் தாத்தாவைச் சந்தித்ததில் பெருமை என்கிற மாதிரி ஏதோ சொன்னான். வெர்லீன் கையெழுத்துப் போட்டு மூடியைத் துடைத்துக் கொடுத்துவிட்டுச் சொன்னாள்:

"இது எங்க தாத்தா இல்ல தம்பி. இவர் வரி வாங்க வந்தவரு. குடிக்கவே மாட்டாரு."

அவன் விழுந்து விழுந்து சிரித்தான். பாட்டி கிண்டல் பண்ணுகிறாள் என்று நினைத்தான். பின்னால் நின்றவனிடம் சொன்னான், அவனும் சிரித்தான். அடுத்த ஆளுக்கும் அவள் அதையே சொன்னாள், அதே குரலில். அதற்கடுத்த ஆளுக்கும். மெரிடித் சிரித்தபடியேதான் நின்றாள், கழுத்து மட்டும் சிவந்துகொண்டே வந்தது. இருநூறு பேருக்கு மேல் இருக்கும். ஒருத்தரையும் விடவில்லை. நம்பினது எத்தனை பேர் என்று தெரியாது. கடைசியில் ஒரு ஒல்லி மனுஷன், கண்ணாடி போட்டவன், சிரிக்காமல் நின்றான்.

"அப்ப உங்க தாத்தா யாரும்மா?"

வெர்லீன் பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். நான் சொன்னேன். குழாய் வரைக்கும் சொன்னேன்.

138. பொய்யில்லை, இரண்டு தடவை வைத்துப் பார்த்தேன்.

அக்டோபர் 18, ஞாயிறு

கோயிலிலிருந்து வெர்லீன்தான் கொண்டுவந்து விட்டாள். பழைய முழுப்படத்தையும் எடுத்துவந்திருந்தாள். அதன் முதுகில் எல்லாப் பெயரையும் என் கையாலேயே எழுதச் சொன்னாள். மூன்றாம் வகுப்போடு நின்றவன் எழுத்து கோணலாய் இருக்கும் என்றேன். இருக்கட்டும் என்றாள். எழுதியதை இங்கேயும் எழுதி வைக்கிறேன்.

பின்வரிசை இடது கோடியில் திரும்பி நிற்பவர் லெமுவல் தார்ப். நாற்பத்து நாலு பிப்ரவரியில் போனார், நெஞ்சுச்சளி. அவருக்கு அடுத்து ஓதோ கிரீன்வெல், பீப்பாய் உருட்டுவார், அறுபத்திரண்டில் தூக்கத்தில். அடுத்த இருவரும் பாலர்ட் அண்ணன் தம்பி. ராஸ்கோ அந்தச் சண்டையிலேயே இத்தாலியில். வர்ஜில் எழுபத்தொன்பதில், டிராக்டர் கவிழ்ந்து. கொஞ்சம் தள்ளி நிற்கிறவர் இசம் யேட்ஸ், கொதிகலன் அவர் கையில்தான் இருந்தது. கறுப்பர் என்று படக்காரன் ஒரு அடி தள்ளி நிற்கச் சொன்னான், நாங்கள் யாரும் ஒன்றும் பேசவில்லை. எண்பத்தெட்டில், மகள் வீட்டில். நாற்காலியில் வின்ஸ்டெட், அரசாங்கத்து ஆள், ஐம்பத்து மூன்றில். தரையில் உட்கார்ந்திருப்பது கிளெல் ஹட்சின்ஸ், போன வருஷம் வரைக்கும் இருந்தான், கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் போனான். வலது கோடியில் தலை வாரிக்கொண்டு நிற்பவன் ஹோபர்ட் ஸ்காக்ஸ். இருக்கிறான்.