இடப்பக்கத்துப் படம்

இன்று மத்தியானம் டாக்குரியா ஸ்டூடியோவிலிருந்து என் பெண்ணின் படம் போனில் வந்தது. முதல் சோறு ஊட்டிய அன்று எடுத்தது. கீழ்வீட்டு வங்காளி அக்கா தங்கள் வழக்கப்படி ஆசையாக வாங்கி வந்து வைத்த நெட்டிக் கிரீடம் அப்படியே இருக்கிறது. அதன் கீழே இருக்கும் குழந்தைதான் யாரோ. பால் நிறத்தில் ஒரு கன்னம். அதில் நான் வைத்த திருஷ்டிப் பொட்டைக் காணோம்.

போன் செய்து கேட்டேன். "பொட்டா? ஏதோ கறைன்னு எடுத்துட்டேன், அண்ணி. பேபி க்ரீம் விளம்பரத்துல வர்ற மாதிரியே பண்ணியிருக்கேன், பாருங்க" என்றார் ஸ்டூடியோக்காரர், வங்காளத்தில், பெருமையாக.

உடனே உன்னைக் கூப்பிடத்தான் கை போனது. டெங்குவில் நீ போய் இது இரண்டாவது மழைக்காலம். இந்த வங்காள ஊரில் தமிழில் கோபப்பட எனக்கு இருந்த ஒரே தோழி நீதான்.

பாலிகஞ்சில் நீ வேலை பார்த்த விளம்பரக் கம்பெனிக்கு ஒருநாள் வந்திருந்தேன். ஏதோ முகக் க்ரீமுக்குப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். வலப்பக்கத்து 'பூசிய பின்' படத்தை ஒரு மாடலை வைத்து எடுத்தாகிவிட்டது. இடப்பக்கத்து 'முன்' படத்துக்குக் கறுப்பாக ஒரு முகம் வேண்டும். டிசைன் செய்ய வந்த உன்னை உன் மேலதிகாரி திரும்பிப் பார்த்தார். "நீயே உட்காரேன், மேக்கப்பே வேண்டாம்." அறையே சிரித்தது.

நீ போய் உட்கார்ந்தாய். கேமராக்காரர் சிரிக்காதே என்றார், நீ சிரித்தாய். "மேடம், இது 'முன்' படம். கொஞ்சம் சோகமா..." மறுபடியும் சிரித்தாய், எல்லாப் பல்லும் தெரிய. "என் மூஞ்சி இப்படித்தான் சார். சோகம் வேணும்னா கம்ப்யூட்டர்ல போட்டுக்கோங்க." கடைசியில் அவர்களே அலுத்துப்போய் விளக்கை அணைத்தார்கள்.

திரும்பும்போது, காளிகாட் அருகே, பஸ் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னாய்: "சிரிக்கறது ரொம்பக் கஷ்டமா இருந்துச்சுடி."

இன்று நான் ஸ்டூடியோக்காரரோடு பேசிப் போனை வைப்பதற்குள் என் வீட்டுக்காரர் தனக்கும் வந்த படத்தைக் குடும்பக் குரூப்பில் போட்டுவிட்டார். "கலர் தேறிடுச்சே, கண்ணு பட்டுடப் போகுது" என்று சென்னையிலிருந்து மாமியார். பொட்டு இல்லாததை அவரும் பார்க்கவில்லை.

"விடேன், நல்லாத்தானே இருக்கு. பெரிசானா பாத்து சந்தோஷப்படுவா" என்றார் இவர்.

எனக்கு அதுதான் பயம். பெரியவளாகி அந்தப் படத்தைப் பார்த்து, அம்மா, நான் எப்போ கறுத்தேன் என்று கேட்பாள். வீட்டுச் சுவரிலேயே ஒரு 'பின்' படம் தொங்கும். அவள் அதன் எதிரில் நின்று தலை வாரிக்கொள்வாள்.

ஸ்டூடியோக்காரரிடம் மறுபடி கேட்டு, கை வைக்காத படத்தை வாங்கினேன். மாநிறம்கூட இல்லை, என் கறுப்பு. கன்னத்தில் பொட்டு, உதட்டோரம் பாயசம். குரூப்பில் போட்டு, "இதுதான் அவ" என்று மட்டும் எழுதினேன்.

எல்லோரும் பார்த்தாயிற்று. யாரும் ஒன்றும் சொல்லவில்லை. பக்கத்து அறையில் இவர் தூங்கிவிட்டார். அழித்துவிடலாமா என்று போனை எடுத்து எடுத்து வைக்கிறேன்.

அழிக்கவில்லை. இதைச் சொல்ல ஓர் ஆள் வேண்டியிருந்தது, அதனால் உனக்கு எழுதுகிறேன். உன்னிடமிருந்து எனக்கு மிஞ்சியது தைரியம் என்று சொல்ல மாட்டேன். பயந்தாலும் எழுந்து போகாமல் உட்கார்ந்திருப்பது, அவ்வளவுதான்.