படகு கட்டிய மாதங்கள்

ஜூன் 9, திங்கள்

காக்கநாட்டு ஆபீசிலிருந்து மட்டாஞ்சேரி வீட்டுக்கு வர இரண்டு பஸ். மழை. மாநிலம் முழுவதும் வீட்டில் அடிபடும் பெண்கள் உதவி எண்ணுக்குச் சொல்வதை மாதவாரியாகக் கணினியில் ஏற்றி, கூடுகிறதா குறைகிறதா என்று கோடு வரைவது என் வேலை. பெயர் வராது. போன் நம்பரும் ஊரும் முடிவும் மட்டும். வாப்பாவிடம் ‘ஆபீஸ் வேலை’ என்றுதான் சொல்லியிருக்கிறேன். எங்கள் குடும்பத்தில் கழுத்தில் அடையாள அட்டை தொங்குவது எனக்குத்தான் முதலில். அவருக்கு அது போதும்.

கண் எரிகிறது.

ஜூன் 10, செவ்வாய்

இன்று முதல் விசைப்படகுகளுக்குத் தடை. தோப்பும்படி துறைமுகத்தில் எல்லாம் கட்டிக் கிடக்கின்றன. மாடியில் குடியிருக்கும் முத்துவேல் அண்ணன் படகிலிருந்து மீன் இறக்குகிறவர். ஜூலை முடியும்வரை இனி வீட்டில்தான். அவர் மனைவி செல்வி அக்கா உம்மாவிடம் பிளவுஸ் தைக்கக் கொடுத்தார். கை அளவு எடுக்க விடவில்லை. “பழைய அளவுக்கே தச்சிருங்க” என்றார். உம்மா ஒன்றும் கேட்கவில்லை. நானும்.

ஜூன் 13, வெள்ளி

நான் ஆபீசில் இருந்தபோது செல்வி அக்கா எங்கள் அடுக்களையில் நின்று, உம்மாவின் போனிலிருந்து, நான் சொல்லியிருந்த உதவி எண்ணுக்குப் பேசியிருக்கிறார். திருப்பிக் கூப்பிட நம்பர் கேட்டார்களாம். மாடியில் இருப்பது ஒரே போன். அதைச் சொல்லிவிட்டார்.

ஜூன் 18, புதன்

திருப்பிக் கூப்பிட்டிருக்கிறார்கள். எடுத்தது முத்துவேல். (அண்ணன் என்று எழுதக் கை வரவில்லை.) “இவ்விடெ ஒரு ப்ரஷ்னவும் இல்ல மேடம்” என்று அவ்வளவு மரியாதையாகச் சொன்னாராம். பிறகு கதவைச் சாத்தியிருக்கிறார். பாத்திரங்கள் விழுந்த சத்தம் கேட்டு உம்மா மாடிப்படியில் நின்று, “செல்வி, சீனி இருக்கா” என்று கதவு திறக்கும்வரை கூப்பிட்டுக்கொண்டே இருந்தாராம்.

சாயங்காலம் குழாயடியில் அக்கா என்னைப் பார்க்காமலே சொன்னார்: “எனக்கு நல்லது செய்யணும்னா அந்த நம்பர் பேச்சே இனி எடுக்காத பிள்ள.”

ஜூன் 19, வியாழன்

இன்று வந்த பட்டியலில் மாடி வீட்டு நம்பர். பக்கத்தில் ‘சமரசம்’. முறை அதுதான். யார் போனை எடுத்துப் பிரச்சினை இல்லை என்றாலும் சமரசம், கோட்டில் சேராது. எடுத்தது யார் என்று எழுத இடமே கிடையாது.

ஏற்றினேன். என்ன செய்ய?

ஜூன் 24, செவ்வாய்

எங்கள் பிரிவின் தலைவி அம்ருதா மேடம் கரையோர ஊர்களுக்கு நான் வரைந்த கோட்டைப் பார்த்துச் சந்தோஷப்பட்டார். வருடாவருடம் ஜூன், ஜூலையில் அது இறங்குகிறது. மழைக்கு ஆட்கள் சாந்தமாகிவிடுகிறார்கள் போல என்று சிரித்தார். இந்தப் பெண்களிடம் பேசி ஆலோசனை சொல்ல, செவ்வாய், வெள்ளி தோப்பும்படியில் உட்காரும் கவுன்சிலரை ஜூலையில் வேறு இடத்துக்கு மாற்றலாம் என்று அறிக்கையில் சேர்க்கச் சொன்னார்.

தலையாட்டினேன். ஏன் ஆட்டினேன்? மழைக்கு யாரும் சாந்தமாகவில்லை. படகு கட்டியிருக்கு. ஆம்பளைங்க வீட்ல இருக்காங்க. போன் அவங்க கையில — இவ்வளவுதானே. வாயில் வரவில்லை.

ஜூன் 25, புதன்

இன்றும் வரவில்லை.

ஜூன் 27, வெள்ளி

சொல்லிவிட்டேன். கூட்டம் முடிந்து எல்லோரும் எழுந்த பிறகு, கோட்டுக்கு அடியில் படகுத் தடைத் தேதிகளைக் குறித்து மேடம் முன் வைத்தேன். “போன் எடுத்தது ஆணோ பெண்ணோ, மேடம்?” 

மேடம் தேதிகளின் மேல் விரலை ஓட்டினார். “குறைஞ்ஞுன்னு ஞான் எத்ர கொல்லமாயி எழுதுந்நு, மோளே.” ‘குறைந்தது’ என்று எத்தனை வருடமாக எழுதுகிறேன் என்று என்னிடமா கேட்டார்?

கவுன்சிலர் ஜூலையிலும் தோப்பும்படியில் இருப்பார். ஆனால் கரையோரச் சமரசங்களை எல்லாம் மறுபடி அழைக்க வேண்டும். தமிழ்க்காரர்களை நான். நானா? எனக்குப் போனில் எரிவாயு பதிவு செய்யக்கூட வாப்பா வேண்டும்.

ஜூலை 1, செவ்வாய்

ஆண் எடுத்தால் என்ன சொல்ல? நேற்று உம்மா தையல் மிஷினிலிருந்து தலை தூக்காமல் சொன்னார்: “பிளவுஸ் ரெடின்னு சொல்லு. எந்த ஆம்பளையும் அதுக்கு மேல கேக்க மாட்டான்.”

உண்மைதான். பள்ளுருத்தியில் ஒருவர், “எத்தன பிளவுஸ்டீ ஒனக்கு” என்று திட்டிக்கொண்டே போனை மனைவியிடம் கொடுத்தார். வெள்ளிக்கிழமை தோப்பும்படியில் கவுன்சிலர் இருப்பார் என்று அந்தப் பெண்ணிடம் சொன்னேன். பிறகு, “வெள்ளிக்கிழம வந்து வாங்கிக்கிறேன்” என்றார். துணியே கொடுக்காதவர்.

தொண்டை கட்டிவிட்டது. திரும்பி வந்தபோது செல்வி அக்கா படியில் இருந்தார். பிளவுஸ் தைத்தாகிவிட்டது என்றேன். ‘ரெடியா’ என்று எப்போது கேட்டாலும் நான் கூட வருகிறேன், தோப்பும்படி கவுன்சிலர்வரை என்றும் சொன்னேன். அவர் எழுந்து மேலே போனார்.

ஜூலை 4, வெள்ளி

பஸ்ஸுக்குக் கிளம்பும்போது போன். மாடி வீட்டு நம்பர். எடுக்கப் பயமாக இருந்தது. எடுத்தேன்.

அக்காவின் குரல். பின்னால் முத்துவேல் இருமுவது கேட்டது.

“பிள்ள, என் பிளவுஸ் ரெடியா?”

“ரெடிக்கா. வாங்க.”

இதைத் தோப்பும்படியில், கவுன்சிலர் அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன். அக்கா உள்ளே. கதவு சாத்தியிருக்கிறது. பிளவுஸ் என் மடியில். ஆபீசுக்கு வரத் தாமதமாகும் என்று மேடத்துக்குச் செய்தி அனுப்பினேன்.

இந்த மாதம் எங்கள் பக்கத்துக் கோடு ஏறும்.